நாற்பத்தொரு லட்சம் மீட்புகள்

பீளமேட்டில் நாவினி நிறுவனத்தின் மூன்றாம் மாடிச் சோதனைக்கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ரப்பர் கழுத்து இருந்தது. தலை கிடையாது, உடம்பு கிடையாது, கழுத்து மட்டும். அதைச் சுற்றி விரலகலத்தில் ஒரு பட்டை. பட்டையிலிருந்து கறுப்புக் கம்பி ஒன்று இறங்கிச் சட்டைப்பையில் அடங்கும் பெட்டிக்குள் போனது. நாலு வருஷமாக அந்தக் கழுத்து ஓயாமல் செய்தி வாசித்துக்கொண்டிருந்தது. ஒரு சொல்கூட அது தவறவிட்டதில்லை. மந்திரி வந்தாலும் மாணவர்கள் வந்தாலும் முதலில் அதன் முன்னால்தான் கொண்டுபோய் நிறுத்துவார்கள்.

புற்றுநோயிலோ பக்கவாதத்திலோ விபத்திலோ குரலை இழந்தவர்கள் பேச நினைக்கும்போது கழுத்துத் தசையில் ஒரு துடிப்பு ஓடும். பட்டை அதைப் பிடித்துப் பெட்டிக்கு அனுப்பும். பெட்டி அவரவருடைய பழைய குரலிலேயே பேசும். காற்றலையில் அனுப்பினால் எவனாவது நடுவில் புகுந்து வேறு சொல்லை வாயில் வைத்துவிடுவான் என்று பயந்து, யு.எஸ்.பி. கம்பி வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்று அரசாங்கம் சட்டமே போட்டிருந்தது. அதற்குப் பிறகு நாவினியின் குரல் நீதிமன்றத்தில் செல்லுபடியானது. பத்திரப் பதிவிலும், அறுவை சிகிச்சைக்கு முன் தரும் ஒப்புதலிலும் செல்லுபடியானது. ஆறு லட்சம் பேர் அதனால் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கம்பிக்கும் பெட்டிக்கும் நடுவே நின்று பேச்சை ஏற்றி இறக்கும் சிறு நிரலுக்கு டிரைவர் என்று பெயர். அதை எழுதியவள் மிருதுளா. நாற்பது வயதில் அவளுக்குப் பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்று இருந்ததென்றால் அது இதுதான். அதிலும் குறிப்பாக 'மீட்பு' என்ற பகுதி. அனுப்பிய பேச்சு ஐந்து வினாடிக்குள் போய்ச் சேரவில்லையென்றால், கம்பி அடைத்துக்கொண்டது என்று டிரைவர் தானாகவே முடிவுகட்டும். எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். யாரும் எதையும் அழுத்த வேண்டாம். ஊரிலுள்ள பெட்டிகளின் கணக்கை இரவிலும், கூடத்தில் நடப்பதை உடனுக்குடனும் சேர்த்துக்கொண்டு சோதனைக்கூடச் சுவரில் பச்சை எழுத்தில் ஒரு பலகை ஓடியது: 'வெற்றிகரமான மீட்புகள்: 41,07,212'.

அந்தத் திங்கட்கிழமை காலை, கலாமணி அம்மாள் அங்கே வந்து நின்றார்.

அறுபத்து மூன்று வயது. திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் பாய்லர் பகுதி மேற்பார்வையாளராக இருந்தவர். போன ஆடியில் பாய்லர் வெடித்தபோது ஆவி அவர் தொண்டையைத் தின்றது, சத்தம் காதைத் தின்றது. கழுத்தில் நாவினிப் பட்டை. மணிக்கட்டில் ஒரு சின்னத் திரை, அதில் எதிராளி பேசுவது எழுத்தாக ஓடும். அவர் பேசுவது அதில் வராது. தான் பேசியது தனக்குத் தெரியாதா என்று வடிவமைத்தவர்கள் விட்டுவிட்டார்கள்.

"நீங்கதானுங்களா அந்த டிரைவர எழுதுனது?" என்றார் மிருதுளாவிடம். கணீரென்ற குரல். "கீழ காப்பி குடுத்தாங்க, பிஸ்கட்டு குடுத்தாங்க, பதில் மட்டும் குடுக்கல. அதான் படியேறி வந்துட்டேன்."

"உக்காருங்கம்மா. என்ன பிரச்சனைன்னு சொல்லுங்க."

கைப்பையிலிருந்து ஒரு அச்சடித்த தாளை எடுத்து மேசையில் வைத்தார். வெடிப்பு பற்றிய விசாரணைக் குழுவின் பதிவு. ஒரு இடத்தில் சிவப்பு மையில் கோடு. கேள்வி: சேஃப்டி லைன் வால்வை மூடியது யார்? பதில்: 'லோகுதான் போய் மூடினான்.'

"லோகுங்கறது லோகநாதன், என்ற ஷிப்டுல வேலை பாத்த ஆளுங்க. அவன் அன்னைக்கே போய்ச் சேந்துட்டான். ஆவி மிஞ்சினா வெளிய விடற வால்வ அவன் பாட்டுக்கு மூடிட்டான், அதனாலதான் வெடிச்சுதுன்னு ஊரே பேசுது. பட்டறைக்காரங்களுக்கும் அது சௌகரியம். ஆனா நான் அந்தக் கேள்விக்கு அஞ்சு வாக்கியம் சொன்னேன் அம்மிணி. அச்சுல இருக்கறது கடைசி ஒண்ணு."

"அங்கயே சொல்லியிருக்கலாமேம்மா?"

"எனக்குத்தான் காது கேக்காதே. பொட்டி என்ன பேசுச்சுன்னு எனக்கெப்புடித் தெரியும்? போன மாசம் அச்சுல பாத்தப்பத்தான் தெரிஞ்சுது. குழுவுக்கு லெட்டரு எழுதிப் போட்டேன். வாயால சொன்னது ஒண்ணு, கையால எழுதறது ஒண்ணு, லோகு சம்சாரம் அழுது எழுத வெச்சிருப்பாங்கறாங்க. வெள்ளிக்கிழமை கடைசி அமர்வு. அதோட ஃபைல மூடிருவாங்க. அதுக்குள்ள அந்த நாலு வாக்கியம் என்ற வாயிலிருந்து வரோணும்."

"அந்த நாலும் என்னங்கம்மா?"

"அத உங்ககிட்டச் சொல்றதுக்கு நான் பஸ் ஏறி வரலீங்க. அங்க சொல்லிக்கறேன்."

தன் பக்கத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் வாக்கியங்களாக இருக்கும் என்று மிருதுளா நினைத்தாள். அதில் தவறும் இல்லை.

சோதனைப் பிரிவுத் தலைவன் ஷாநவாஸ் கலாமணியின் பெட்டியைச் சோதனைக் கம்பியில் மாட்டினான். அரைமணி நேரம் பேசவைத்தார்கள். ஊர், பிள்ளைகள், பவானிக் கூட்டுக் குடிநீர், சாயத் தண்ணீர் என்று அவர் கொட்டித் தீர்த்தார். ஒரு சொல் விழவில்லை.

"பாத்தீங்களா மிருதுளா, தங்கம் மாதிரி வேலை செய்யுது" என்றான் ஷாநவாஸ். பிறகு குரலைத் தாழ்த்தினான். "பெரியவங்க. சொல்லணும்னு நெனச்சத சொல்லிட்டதா நெனச்சுக்கறது சகஜம்தான்."

குரலைத் தாழ்த்தினால் மணிக்கட்டுத் திரைக்கு என்ன? அது அப்படியே எழுதிக் காட்டியது. கலாமணி படித்தார். கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஷாநவாஸின் காது சிவந்தது. கால் நிமிஷம், அரை நிமிஷம். பிறகு அவருடைய உதடுகள் அசையத் தொடங்கின. கழுத்துத் தசை துடித்தது. பெட்டியிலிருந்து சத்தமே வரவில்லை. உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. கடைசியில் பெட்டி பேசியது:

"அதுக்கு என்ன வயசு, தம்பி?"

அவ்வளவுதான். மிருதுளா நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். பச்சைப் பலகையில் எண் மாறியிருந்தது. 41,07,213.

"அம்மா, அதுக்கு முன்னாடி என்ன சொன்னீங்க?"

"ஏன், கேக்கலீங்களா? இந்த ரப்பர் கழுத்து நாலு வருசமாப் பேசுதுன்னு கீழ சொன்னாங்க. அது எப்பவாச்சும் பேச்ச நிறுத்தியிருக்குதா, நிறுத்தி யோசிச்சிருக்குதா, மனசு நொந்து வாயடைச்சுப் போயிருக்குதான்னு கேட்டேன். அப்பறந்தான் வயசு கேட்டேன்."

ஷாநவாஸ் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தான். "இல்லம்மா" என்றான். "ஒரு வினாடி கூட நிறுத்தினதில்ல. நாங்க அதை நிறுத்தவே விட்டதில்ல."

பத்து வினாடி பேச்சு இல்லாவிட்டால் மின்சாரத்தை மிச்சம்பிடிக்கப் பட்டை தூங்கிவிடும். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மறுபடி பேசத் தொடங்கியதும் அது விழிக்க வேண்டும். எவ்வளவு நேரத்தில் என்று யாரும் அளந்ததில்லை. அன்று மதியம் அளந்தார்கள். ஆறு வினாடி.

"உங்க டிரைவர் எவ்வளவு நேரம் காத்திருக்கும்?" என்று கேட்டான் ஷாநவாஸ்.

"அஞ்சு" என்றாள் மிருதுளா.

கலாமணி திரையைப் படித்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க கண்ணு."

"பட்டை தூங்கிட்டு இருக்குதும்மா. நீங்க பேச ஆரம்பிக்கறீங்க. தசையத் தொடற முனை மட்டும் முழிச்சிருக்கும், அது புடிக்கற பேச்சு வரிசையில வந்து நிக்குது. பட்டை எந்திரிக்க ஆறு வினாடி ஆகும். என் நிரல் அஞ்சு வினாடி பாத்துட்டு, அடைச்சுக்கிச்சுன்னு முடிவு பண்ணி, வரிசையில நிக்கறதையெல்லாம் தூக்கிக் கொட்டிட்டுப் புதுசா ஆரம்பிக்குது. அதுக்கு ரெண்டு வினாடி. ஆகமொத்தம் ஏழு வினாடிப் பேச்சு போயிருது."

"காலைல பாய்லரு பத்த வெச்சா பைப்பு சூடாகி ஆவி வந்து சேர நேரமாகும்" என்றார் கலாமணி. "புதுசா வேலைக்கு வர்றவன் அடைப்புன்னு நெனச்சு வடிகால் வால்வத் தொறந்து எல்லாத்தையும் சாக்கடைல விட்டுருவான். விட்டுட்டு, அடைப்ப எடுத்துட்டேன்னு வந்து நிப்பான். அந்த மாதிரிங்களா?"

மிருதுளா சுவரைக் காட்டினாள். "அதே மாதிரிதாம்மா. எடுத்துட்டேன்னு ஒவ்வொரு தடவையும் பலகையில எழுதியும் வெச்சிருக்கேன்."

ஷாநவாஸ் பச்சை எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அப்போ வாயாடிங்க எல்லாம் தப்பிச்சுட்டாங்க" என்றான். "யோசிச்சுப் பேசறவங்கதான் மாட்டியிருக்காங்க."

அன்று சாயங்காலம் நிர்வாக இயக்குநர் ஜெயந்த் அறையில் கூட்டம். மிருதுளா பேசி முடிக்கும்வரை ஜெயந்த் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தான். கெட்டவன் அல்ல. இந்த நிறுவனத்துக்காக வீட்டை விற்றவன்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள திருத்த முடியுமா?"

"முடியும்."

"திருத்து. 'சிறு திருத்தங்கள்'னு போட்டு எல்லாருக்கும் அனுப்பிடலாம். அந்தம்மாகிட்ட, பேசறதுக்கு முன்னாடி ஒண்ணு ரெண்டுன்னு பத்து வரைக்கும் எண்ணிட்டுப் பேசச் சொல்லு. எண்ணிக்கை விழும், பேச்சு விழாது. எதுக்கும் இருக்கட்டும்."

"ஏற்கெனவே விழுந்தது?"

ஜெயந்த் பேனாவை மேசையில் வைத்தான்.

"அது நாப்பத்தொரு லட்சம் மீட்பு இல்ல, ஜெயந்த். நாப்பத்தொரு லட்சம் விழுந்த பேச்சு. ஆபரேஷனுக்கு முன்னாடி எத்தன பேரு ரொம்ப நேரம் யோசிச்சு 'எனக்கு வேண்டாம்'னு சொன்னாங்களோ. எத்தன பேரு கோர்ட்டுல..."

"தெரியுது. அதை வெளிய சொன்னா நாளைக்கு ஆறு லட்சம் பேரு பட்டையைக் கழட்டி வெப்பாங்க. கழட்டிட்டு அவங்க எதால பேசுவாங்க? அதையும் யோசி."

அது நியாயமான கேள்விதான். மிருதுளா எழுந்து வேலைக்குப் போனாள்.

முதல் திருத்தம், எல்லோரும் எப்போதும் செய்கிற திருத்தம்: ஐந்தை அறுபதாக்குவது. பேச்சு விழவில்லை. ஆனால் கம்பி உண்மையாகவே அடைத்துக்கொண்டபோது ஒரு நிமிஷம் ஊமையாகிப் போனது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. எண்ணைக் கூட்டுவது பிழையைத் திருத்துவது அல்ல, பிழைக்குத் திரை போடுவது. அழித்தாள்.

இரண்டாவது: பட்டை விழித்துவிட்டது என்று பட்டையே சொன்ன பிறகுதான் கடிகாரம் ஓட வேண்டும். அடைப்பு நிஜமாக இருந்தால் வரிசையைக் கொட்டக் கூடாது, கையில் வைத்திருந்து மறுபடி அனுப்ப வேண்டும். செவ்வாய்க்கிழமை முழுவதும் அதற்கே போனது. சாயங்காலம் ஓட்டிப் பார்த்தால், மறுபடி அனுப்பியது இரண்டு தடவை ஒலித்தது.

"வணக்கம் வணக்கம்னு கட்சி மேடை மாதிரி இருக்கு" என்றான் ஷாநவாஸ்.

புதன்கிழமை ஒவ்வொரு துண்டுப் பேச்சுக்கும் வரிசை எண் கொடுத்தாள். ஒரு எண் இரண்டாம் தடவை வந்தால் பெட்டி அதை விட்டுவிடும். இப்போது பேச்சு ஆறு வினாடி தாமதமாக வந்தது. ஆனால் முழுசாக வந்தது.

ரப்பர் கழுத்தை நம்ப இருவரும் தயாராக இல்லை. ஷாநவாஸ் மாடியில் இருந்தவர்களையெல்லாம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பட்டையை மாட்டினான். "ஒரு நிமிஷம் சும்மா இருங்க. அப்பறம் உங்க மனசுல இருக்கறத ஒண்ணே ஒண்ணு வாயசைச்சுச் சொல்லுங்க." கணக்குப் பிரிவுப் பெண் ஒரு நிமிஷம் இருந்துவிட்டு, தனக்கு இந்த வேலை பிடிக்கவில்லை என்றாள். கேண்டீன் மாஸ்டர் கைகட்டி உட்கார்ந்து, "சாம்பார்ல உப்பில்லன்னு எழுதிப் போட்டவன் நாளைக்கு வந்து அவனே கரண்டியப் புடிக்கட்டும்" என்றார். இருநூற்றுப் பதினேழு பேர். ஒன்றுகூட விழவில்லை. இத்தனை வருஷத்தில் யாரும் யாரிடமும் சொல்லாததையெல்லாம் அன்று அந்த மாடி கேட்டது.

வியாழக்கிழமை கலாமணி திருத்தத்தை ஏற்றிக்கொள்ள வந்தார். மிருதுளா தயங்கிக்கொண்டே, பத்து வரை எண்ணும் யோசனையைச் சொன்னாள்.

கலாமணி படித்துவிட்டுத் தலையசைத்து மறுத்தார். "ஏலம் போடறதுக்கா போறேன்? அந்தப் பேச்ச எண்ணிட்டுப் பேச மாட்டேன் அம்மிணி. எனக்கு எப்ப வருதோ அப்பப் பேசுவேன். அதுக்குத்தான உங்ககிட்ட வந்தது?"

"அப்படியே பேசுங்கம்மா" என்றாள் மிருதுளா. சொன்ன பிறகுதான் தன் குரலில் எவ்வளவு உறுதி இருந்தது என்று அவளுக்கே தெரிந்தது.

"இன்னொண்ணும் இருக்குதுங்க. நாளைக்கு நான் புதுசாச் சொன்னா, லெட்டருக்குச் சொன்னதையேதான் அதுக்கும் சொல்லுவாங்க. போன தடவை விழுந்துதுன்னு விவரம் தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லோணும்."

ஒரு பக்கக் கடிதம். எழுத அரைமணி நேரம் ஆனது. பட்டை தூங்கும், விழிக்க ஆறு வினாடி, டிரைவர் காத்திருந்தது ஐந்து, போன முறை வாக்குமூலத்தில் அந்தக் கேள்விக்குப் பிறகு ஒரு மீட்பு நடந்ததாகப் பெட்டியின் குறிப்பு சொல்கிறது, அந்த ஏழு வினாடி அழிந்தது. கடைசி வரி: 'இந்த மீட்பு நிரலை எழுதியவள் நான்.' ஜெயந்திடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

அவன் இரண்டு தடவை படித்தான். "நிறுவன முத்திரை போட மாட்டேன்."

"வேண்டாம். எழுதினது நிறுவனம் இல்ல, நான்தான். கையெழுத்து போதும்."

"வேலை போகும் மிருதுளா. பணம் போட்டவங்க விட மாட்டாங்க, என்னால தடுக்க முடியாது."

"இத்தன நாளா அந்தப் பலகையப் பாத்துப் பெருமைப்பட்டேன். அதுக்காவது ஒரு கையெழுத்து போட வேண்டாமா?"

சோதனைக்கூடத்துக்குத் திரும்பியபோது ஷாநவாஸ் ஸ்டூல்மேல் ஏறிப் பச்சைப் பலகையின் கம்பியைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை திருப்பூரில் விசாரணை அறை நிறைந்திருந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமை. பட்டறையின் வக்கீல் முன்வரிசையில். மூன்றாம் வரிசையில் லோகநாதனின் மனைவி சிந்து. பக்கத்து நாற்காலிகள் காலியாக இருந்தன, யாரும் அவளருகே உட்காரவில்லை. மிருதுளா கடிதத்தை வாசித்தாள். வக்கீல் எழுந்து, முத்திரை இல்லாத கடிதம் என்றார். நீதிபதி, கையெழுத்து இருக்கிறது என்றார்.

பிறகு கலாமணியைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டார். சேஃப்டி லைன் வால்வை மூடியது யார்?

கலாமணி கேள்வியை மணிக்கட்டில் படித்தார். தலை நிமிர்ந்தார். பேசவில்லை.

பத்து வினாடி. மிருதுளாவின் மடியில் இருந்த திரையில் பட்டை தூங்கப் போனது. இருபது வினாடி. பின்வரிசையில் யாரோ இருமினார்கள். நாற்பது. கலாமணியின் உதடுகள் அசையத் தொடங்கின. பெட்டியில் சத்தம் இல்லை. இரண்டு, மூன்று. வக்கீல் எழுந்துவிட்டார். "அய்யா, கருவி வேலை செய்யலைங்கறது கண்கூடாவே..." நான்கு. நீதிபதி உட்காரும்படி கையசைத்தார். ஐந்து. கொட்டிவிடு என்று பழைய நிரல் சொல்லியிருக்கும் இடம் கடந்து போனது. ஆறு.

"வால்வ மூடுன்னு சொன்னது நானுங்க" என்றது பெட்டி.

சுருக்கெழுத்தாளரின் பேனா ஓடியது.

"லோகு வேண்டாம்னான். ரெண்டாந்தடவையும் வேண்டாம்னான், இது வெடிச்சுரும் அக்கான்னு சொன்னான். ஆர்டரு முடியோணும், நான் சொல்றேன் போடான்னேன். லோகுதான் போய் மூடினான்."

மிருதுளா திரையைக் குனிந்து பார்த்தாள். விழுந்தது: பூஜ்யம். மறுபடி நிமிர்ந்தபோதுதான் தான் எதை மீட்டுக் கொடுத்திருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. நாலு நாளாக இந்த அம்மாளைக் காப்பாற்றுவதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். கலாமணியையோ யாரும் காப்பாற்ற வேண்டியிருக்கவில்லை. போன முறையும் இதே ஐந்து வாக்கியங்களைத்தான், இதே மௌனத்துக்குப் பிறகு, நிமிர்ந்து உட்கார்ந்து அவர் சொல்லியிருக்கிறார்.

"இதனுடைய விளைவு என்னன்னு உங்களுக்குத் தெரியுமா அம்மா?" என்று கேட்டார் நீதிபதி.

"தெரியுமுங்க. எழுதறவர ஒருக்கா படிச்சுக் காட்டச் சொல்லுங்க. போன தடவை நான் கேக்காம விட்டுட்டேன்."

சுருக்கெழுத்தாளர் எழுந்து ஐந்து வாக்கியங்களையும் படித்தார். கலாமணி மணிக்கட்டைப் பார்த்தபடி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தரம் தலையாட்டினார், சாயம் சரியாகப் பிடித்த துணியை ஒவ்வொன்றாகத் தள்ளிவிடுகிற மாதிரி. பிறகு பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வராந்தாவில் போலீஸ்காரப் பெண் ஒருத்தி மரியாதையாகக் கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"உங்களுக்கு என்னாகும் அம்மிணி?" என்றார் கலாமணி.

"உங்களுக்கு ஆகறதுல கொஞ்சம்."

"கொஞ்சந்தான? தாங்கிக்கலாம்." பட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நல்லாப் பண்ணியிருக்கறீங்க. ஒண்ணும் விழல."

பதினெட்டு வருஷத்தில் தன் வேலையைப் பற்றி அவள் கேட்ட பாராட்டுகளில் இது ஒன்றுதான் விவரம் தெரிந்தவர் சொன்னது என்று மிருதுளாவுக்குத் தோன்றியது.

அலுவலக ஜன்னலில் சிந்துவின் குரல் கேட்டது. கடைசி வாக்குமூலத்தின் நகல் வேண்டும் என்றாள். எத்தனை என்று கேட்டார் குமாஸ்தா.

"ரெண்டு குடுங்க. ஒண்ணு என்ற மாமனாருக்கு."

"அவரு கேட்டாராம்மா?"

"இல்லீங்க, அவருக்குப் படிக்கத் தெரியாது" என்றாள் சிந்து. "அவரு வீட்டு வாசக்கதவுல ஒட்டப் போறேன். தெருவுல எல்லாருக்கும் படிக்கத் தெரியும்."